ஏழு பல்கலைக்கழகங்களும் ஒரு புழுவும்

1988 நவம்பர் 2, புதன்கிழமை. பொழுது சாய்ந்த நேரத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கணினி அறைகளில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாகத் திணற ஆரம்பித்தன. எந்தக் கோப்பும் அழியவில்லை, எதுவும் திருடு போகவில்லை. ஒரு சின்ன நிரல் தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருந்தது. ஒரே இயந்திரத்துக்குள் பல நகல்கள் புகுந்ததில் மூச்சுமுட்டிப் போயிற்று. அன்றைய இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 மாட்டிக்கொண்டன என்று பத்திரிகைகள் எழுதின. அது குத்துமதிப்பான கணக்குதான். ஆனாலும் இணையம் என்ற சொல்லே பலருக்கு அந்த வாரம்தான் அறிமுகமானது.

நிரலை எழுதியவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ், கார்னெல் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு ஆய்வு மாணவர். எம்.ஐ.டி.யில் இருந்த ஒரு கணினி வழியாக அதை வெளியே விட்டார். அவருடைய அப்பாவின் பெயரும் ராபர்ட் மாரிஸ்தான். யூனிக்ஸின் கடவுச்சொல் முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். மகன் புழுவை விட்ட நாளில் அப்பா, அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி.

இதையெல்லாம் அந்தப் பையன் எந்த வகுப்பில் படித்தான்? அப்படி ஒரு வகுப்பு அன்றைக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கிடையாது என்பதுதான் பதில். தாக்கியவனுக்கும் வகுப்பு இல்லை, தாக்கப்பட்டவர்களுக்கும் வகுப்பு இல்லை. இன்றைக்கு உலகமெங்கும் சைபர் பாதுகாப்பில் பட்டமும் டிப்ளமோவும் சான்றிதழும் கொட்டிக் கிடக்கின்றன. அந்த வெறுமையிலிருந்து இந்தப் பெருக்கத்துக்கு எப்படி வந்தோம், வருகிற வழியில் எதைத் தவறவிட்டோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆழாக்கில் ஊற்றிய படிப் பால்

புழு உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்றைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும், கடைசியில் அது தேவைப்படும். 'ஃபிங்கர்' என்றொரு சேவை இருந்தது. ஒருவர் பெயரைக் கொடுத்தால் அவரைப் பற்றிய விவரத்தைச் சொல்லும். பெயரை வாங்கி வைக்க நிரலாளர் 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தார். ஆனால் பெயரைப் படிக்க அவர் பயன்படுத்தியது சி மொழியின் 'கெட்ஸ்' என்ற கட்டளை. எவ்வளவு வருகிறது என்று அது பார்க்காது, வந்ததையெல்லாம் வாங்கிக் கொட்டும். புழு 536 பைட் அனுப்பியது. ஆழாக்குப் பாத்திரத்தில் படிப் பாலை ஊற்றினால் வழியத்தானே செய்யும்? இங்கே வழிந்தது பக்கத்து நினைவிடத்தில் போய் விழுந்து, கணினி நிறைவேற்றும் ஆணையாகவே மாறிவிட்டது.

அதைச் செய்தவர் திறமை இல்லாத நிரலாளர் இல்லை. மொழியிலேயே இருந்த கட்டளையை, எல்லோரும் பயன்படுத்துகிற மாதிரி அவரும் பயன்படுத்தினார். 'வருகிறவன் பொய் சொல்வான், அளவுக்கு மீறிக் கொடுப்பான் என்று எண்ணி எழுது' என்று அவருக்குச் சொல்லித் தர யாரும் இல்லை.

புழு வந்த அதே மாதத்தில், பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிதியோடு பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஓர் அவசர உதவி மையம் வந்துவிட்டது. சுருக்கமாக 'செர்ட்'. பிறகு பல நாடுகளிலும் அதே பெயரில் மையங்கள் முளைத்தன, இந்தியாவில் 2004ல். ஊரில் தீப்பிடித்ததும் தீயணைப்பு நிலையம் கட்டியாயிற்று. கொத்தனாருக்குப் பாடம் எடுக்கும் வேலை அப்படியே நின்றது.

பூட்டிய அறைக்குள் ஒரு துறை

ஆபத்து தெரியாமல் இருந்ததா என்றால், நன்றாகவே தெரிந்திருந்தது. ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லிஸ் வேர் தலைமையில் ஒரு குழு, பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கணினிகளுக்கு என்னென்ன ஆபத்து வரும் என்று 1970லேயே அறிக்கை எழுதிவிட்டது. ஆனால் அது இரகசிய ஆவணம். 1975ல்தான் அந்தத் தடை நீங்கியது. கணினிப் பாதுகாப்பு என்பது முதலில் இராணுவத்தின் கவலை. படித்தவர்கள் பூட்டிய அறைக்குள் படித்தார்கள், பூட்டிய அறைக்குள்ளேயே வேலை செய்தார்கள்.

வெளியே விதை போட்டவர்கள் சிலர்தான். பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1975ல் முனைவர் பட்டம் பெற்ற டோரதி டென்னிங் 1982ல் எழுதிய குறியாக்க நூல் பலருக்குப் பாடப்புத்தகமாக ஆனது. அதே பர்டியூவில் 1987ல் ஆசிரியராகச் சேர்ந்தவர் யூஜீன் ஸ்பாஃபோர்ட். அடுத்த வருடமே புழு வந்தது. அதைப் பிரித்து மேய்ந்து அவர் எழுதிய அறிக்கை இன்றும் படிக்கப்படுகிறது. 1992ல் பர்டியூவில் 'கோஸ்ட்' என்ற ஆய்வுக்கூடம் தொடங்கியது. அதே ஆண்டு லண்டனின் ராயல் ஹாலோவேயில் தகவல் பாதுகாப்புக்கென்றே ஒரு முதுகலைப் படிப்பு ஆரம்பமானது.

1997 பிப்ரவரியில் ஸ்பாஃபோர்ட் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். நாடு முழுவதிலும் இந்தத் துறைக்கென்று இருந்த ஆய்வுக்கூடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கிருந்து வரும் முனைவர்களும் சொற்பம், அதிலும் கற்பிக்க வருகிறவர்கள் மிகச் சிலர். ஆசிரியர் இல்லாமல் மாணவர் எப்படி வருவார்? விதைநெல்லை அவித்துவிட்டு நாற்றங்காலை எதிர்பார்க்க முடியாது.

பாடத்திட்டம் எழுதியது யார்?

1998 மே மாதம் கிளிண்டன் ஓர் ஆணை வெளியிட்டார். மின்சாரம், வங்கி, தொலைபேசி எல்லாம் கணினியை நம்பி இருக்கின்றன, அவற்றைக் காக்க வேண்டும் என்பது சாரம். காப்பதற்கு ஆள் வேண்டுமே! அதையொட்டித்தான் தேசியப் பாதுகாப்பு முகமையின் அங்கீகாரத் திட்டம் வந்தது. 1999ல் ஏழு பல்கலைக்கழகங்கள் 'தகவல் உறுதிப்பாட்டுக் கல்வியில் சிறப்பு மையங்கள்' என்ற பட்டம் பெற்றன: ஜேம்ஸ் மாடிசன், ஜார்ஜ் மேசன், ஐடஹோ ஸ்டேட், அயோவா ஸ்டேட், பர்டியூ, டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம், ஐடஹோ பல்கலைக்கழகம்.

'தகவல் உறுதிப்பாடு' என்ற சொல்லும் இராணுவத்திலிருந்து வந்ததுதான். வெறும் இரகசியம் காப்பது மட்டும் போதாது. தகவல் சிதையக்கூடாது, வேண்டும்போது கிடைக்க வேண்டும், கேட்பவர் அவர்தானா என்று தெரிய வேண்டும், செய்தவர் பிறகு 'நான் செய்யவில்லை' என்று கைவிரிக்கக்கூடாது. ஐந்தும் சேர்ந்ததே உறுதிப்பாடு. யோசித்துப் பார்த்தால் நல்ல சொல், பெரிய சொல்.

ஆனால் மையம் ஆவதற்கான தேர்வில் ஒரு சிக்கல் இருந்தது. பல்கலைக்கழகம் தன் பாடங்களை 1994ல் அரசுக் குழு வெளியிட்ட 4011 என்ற தரத்தோடு வரிக்கு வரி பொருத்திக் காட்ட வேண்டும். அந்த ஆவணத்தின் தலைப்பிலேயே இருப்பது 'பயிற்சித் தரம்'. அதில் கல்வி என்ற சொல் இல்லை. அரசு அலுவலகத்தில் நாளை காலை வேலைக்குச் சேருகிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல் அது. அடிப்படையிலிருந்து கேள்வி கேட்கும் மாணவரை உருவாக்குவது வேறு வேலை.

அரசு பணமும் கொடுத்தது. 2001 முதல் ஓர் உதவித்தொகைத் திட்டம்: படிப்புச் செலவை அரசு ஏற்கும், படித்த காலத்துக்கு ஈடாக மாணவர் அரசுப் பணி செய்ய வேண்டும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் பலர் இதில் படித்து நல்ல நிலைக்கு வந்தார்கள். அதைக் குறைத்துச் சொல்லிவிட முடியாது.

காலாவதியாகும் தாள்

பல்கலைக்கழகங்கள் இப்படி மெதுவாக நடக்க, சந்தை ஓடியது. 1989ல் சில தொழில்சார் சங்கங்கள் சேர்ந்து ஒரு பொதுச் சான்றிதழுக்கான அமைப்பை நிறுவின. அதிலிருந்து 1994ல் வந்ததுதான் இன்று தகவல் பாதுகாப்பு வேலை விளம்பரங்களில் தவறாமல் தென்படும் சி.ஐ.எஸ்.எஸ்.பி. அதைப் பெற ஐந்தாண்டுப் பணி அனுபவம் வேண்டும். கல்லூரியில் நான்கு வருடம் படித்து வாங்கிய பட்டத்துக்கு இதில் ஓராண்டுக் கழிவு உண்டு. நாலுக்கு ஒன்று, அதுதான் பரிமாற்ற விகிதம்!

2005 டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு கையேடு வெளியிட்டது. தகவல் உறுதிப்பாட்டு வேலையில் இருக்கும் எல்லோரும், ஒப்பந்தக்காரர்கள் உட்பட, பட்டியலில் உள்ள சான்றிதழ்களில் ஒன்றை வைத்திருக்க வேண்டும். அதோடு சான்றிதழ் என்பது விருப்பம் என்ற நிலை போய், வேலைக்குள் நுழைய அனுமதிச் சீட்டாகிவிட்டது. தேர்வுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், புதுப்பிக்கும் கட்டணம் என்று ஒரு தொழிலே எழுந்தது.

இந்தச் சான்றிதழ்களில் பல மூன்று வருடத்தில் காலாவதியாகும். பட்டம் காலாவதியாவதில்லை. இதில் எது நேர்மையானது என்று கேட்டால், ஒருவிதத்தில் சான்றிதழ்தான்: 'நீ படித்தது பழசாகிவிட்டது, மறுபடி வா' என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. ஆனால் எது பழசாகும், எது பழசாகாது என்று பிரித்துச் சொல்ல அதனால் முடியாது. கருவியின் பெயர் மாறும். வழிகிற பால் மாறாது.

யாருக்குச் சொல்லித் தரலாம்?

2003ல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகம், மாணவர்களே வைரஸ் எழுதிப் படிக்கும் பாடம் ஒன்றை அறிவித்தது. ஆசிரியர் ஜான் ஐகாக். வெளி வலையோடு தொடர்பில்லாத தனி ஆய்வகம், கடுமையான விதிமுறைகள், எல்லாம் இருந்தும் வைரஸ் தடுப்புத் தொழிலில் இருந்தவர்கள் கொதித்தார்கள். இந்தப் பாடம் படித்தவர்களை வேலைக்கு எடுக்க மாட்டோம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். விஷமுறிவு படிக்கிறவன் விஷத்தைத் தொடக்கூடாது என்பது மாதிரி! இத்தனைக்கும் வகுப்பே இல்லாமல் புழு எழுதிய மாரிஸ், 1990ல் மூன்றாண்டு நன்னடத்தைக் காவலும் 400 மணி நேர சமூகப் பணியும் அபராதமும் பெற்று, பின்னர் எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியராக ஆனவர்.

2008ல் இன்னொரு திருப்பம். ஏழில் ஒன்றான பர்டியூ, சிறப்பு மையம் என்ற பட்டத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று ஸ்பாஃபோர்ட் எழுதினார். மையங்களின் எண்ணிக்கை அப்போது தொண்ணூறை ஒட்டி வந்திருந்தது. எல்லோரும் சிறப்பு என்றால் சிறப்பு என்ற சொல்லுக்கு என்ன பொருள், பயிற்சிப் பட்டியலோடு பாடத்தைப் பொருத்திக் காட்டுவது எப்படிக் கல்வியாகும் என்பது அவர் வாதம். துறைக்கு ஆளில்லை என்று 1997ல் முறையிட்டவரே இப்படிச் சொன்னதுதான் கவனிக்க வேண்டியது. எதிர்வாதமும் உண்டு: பெரிய பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் தேவைப்படாது, சின்ன ஊர்க் கல்லூரிக்கு அதுதான் முகவரி. இன்று அந்தப் பட்டியலில் 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன, இரண்டாண்டுக் கல்லூரிகளும் சேர்த்து.

பட்டியலை எழுதிய கையைப் பற்றிய கேள்வி 2013ல் வந்தது. எட்வர்ட் ஸ்நோடன் பள்ளிப் படிப்பையே முறையாக முடிக்காதவர். 2010ல் டெல்லி வந்திருந்தபோது, ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் நெறிசார் ஹேக்கிங் வகுப்பில் உட்கார்ந்தவர். அவர் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகு, 2006ல் அரசுத் தரமாக வெளியான ஒரு சமவாய்ப்பு எண் உருவாக்கும் முறையில் தேசியப் பாதுகாப்பு முகமையே கள்ளச் சாவி வைத்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்தது. 2014ல் அந்த முறை திரும்பப் பெறப்பட்டது. பூட்டுப் போடக் கற்றுத்தரும் கல்லூரிகளுக்கு முத்திரை குத்துவதும் அதே முகமைதான். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

கொத்தனாரின் பாடம்

2014 மார்ச்சில் பாதுகாப்புத் துறை 'தகவல் உறுதிப்பாடு' என்ற சொல்லைக் கைவிட்டு 'சைபர் பாதுகாப்பு' என்று மாற்றிக்கொண்டது. இந்தியாவும் அதே திசையில்தான். தகவல் பாதுகாப்புக் கல்விக்கான மத்திய அரசுத் திட்டம் 2005ல் தொடங்கியது. 2013ன் தேசிய சைபர் பாதுகாப்புக் கொள்கை ஐந்தாண்டில் ஐந்து லட்சம் வல்லுநர்கள் என்று இலக்கு வைத்தது. இன்று நம்மூர் பொறியியல் கலந்தாய்விலும் சைபர் செக்யூரிட்டி தனிப் பிரிவு.

எங்கேயும் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: எத்தனை காவலாளிகள் வேண்டும்? வீடு கட்டுகிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி பின்னாலேயே நின்றது. கணினி அறிவியல் இளங்கலைக்கான பன்னாட்டு மாதிரிப் பாடத்திட்டத்தில் பாதுகாப்பு ஒரு தனி அறிவுப் பகுதியாக இடம்பெற்றது 2013ல், புழுவுக்கு 25 ஆண்டுகள் கழித்து. அந்தக் 'கெட்ஸ்' கட்டளை சி மொழியின் தரத்திலிருந்து நீக்கப்பட்டது 2011ல், 23 ஆண்டுகள் கழித்து. அப்புறமாவது தீர்ந்ததா? மிக ஆபத்தான மென்பொருள் பிழைகளுக்கென்று ஆண்டுதோறும் வரும் பட்டியலில் 2021, 2022, 2023 மூன்று வருடமும் முதலிடம், ஒதுக்கிய இடத்துக்கு வெளியே எழுதும் பிழைக்கு. அதே ஆழாக்கு, அதே படிப் பால்.

தனித் துறையாகப் பிரித்ததில் நன்மை இருந்தது: ஆய்வு வந்தது, வேலை வந்தது, தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். கூடவே ஒரு விடுதலைப் பத்திரமும் எழுதப்பட்டுவிட்டது, மற்ற கணினி மாணவர்களுக்கு. 'அது செக்யூரிட்டி ஆளுங்க பாத்துப்பாங்க' என்று சொல்லிவிட்டு நிரல் எழுதலாம் என்ற விடுதலை.

பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் கல்லூரிச் சுவரில் மாட்டியிருக்கும் முத்திரைகளை எண்ண வேண்டாம். சைபர் பிரிவைக்கூட விட்டுவிட்டு, முதலாண்டு நிரலாக்க ஆய்வகத்தை எட்டிப் பாருங்கள். மாணவர் எழுதிய நிரலில் பெயர் கேட்கும் இடத்தில் ஆசிரியர் 536 எழுத்துகளை அடித்துப் பார்க்கிறாரா? நிரல் விழுந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கிறாரா? குறைக்கிறார் என்றால் நம்பிச் சேர்க்கலாம். அந்தக் கல்லூரியில் சைபர் பிரிவே இல்லாவிட்டாலும் பரவாயில்லை.