பறவை பறக்கும் தூரம்

போன வாரம் பாரிஸிலிருந்து பேரன் பேசினான். "தாத்தா, அங்கே வர எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான். "பத்து மணி நேரம்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் அது பாதிப் பதில் என்று தோன்றியது.

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், பூகோள வாத்தியார் உலக உருண்டையில் நூல் வைத்து ஊர்களுக்கு இடையே அளக்கச் சொல்வார். அந்த நேர்த்தூரத்தைப் பிரெஞ்சில் 'ஆ வோல் துவாஸோ' என்பார்கள். பறவை பறக்கும் தூரம் என்று பொருள். சென்னைக்கும் பாரிஸுக்கும் அது சுமார் 8,000 கி.மீ. நூலின் நீளம் அன்றும் இன்றும் ஒன்றுதான். நேரம்தான் மாறிக்கொண்டே வந்தது.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய 1736-இல், பிரான்சிலிருந்து கிளம்பிய பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் புதுச்சேரி வந்து சேர ஆறு மாதம்கூட ஆகும். 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பலும் சேர்ந்துகொள்ள, மாதக் கணக்கு வாரக் கணக்கானது. 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' பம்பாயில் கிளம்பி, கெய்ரோ, ஜெனீவா வழியாக 10-ஆம் தேதி லண்டனில் இறங்கியது. 1960-இல் போயிங் 707 ஜெட் வந்ததும் நாள் கணக்கும் போய் மணிக் கணக்கு ஆனது.

ஆனால் 1974-இல் எங்கள் அம்மா காலமானபோது அந்த மணிக் கணக்கு எங்களுக்கு உதவவில்லை. அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று பாரிஸில் இருந்தார். தந்தி கொடுத்தோம். அது அவர் கைக்குப் போய், லீவு வாங்கி, டிக்கெட் கிடைத்து, பம்பாயில் இறங்கி, மதராஸுக்கு விமானம் மாறி, பஸ் பிடித்து வீட்டு வாசலுக்கு வந்தபோது நான்காம் நாள். தகனம் முடிந்து பாலும் தெளித்துவிட்டோம். அவர் ஆகாயத்தில் இருந்தது ஒரு நாள்கூட இல்லை. மிச்சமெல்லாம் தரையில் போன நேரம். "முகம் பார்க்கலையேடா" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் இருப்பது மனைவியின் ஊரான மொரப்பூரில். இங்கிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை ஒரு காலத்தில் குறுகிய ரயில் பாதை இருந்தது. 1906-இல் தருமபுரி வரை வந்து, பின்னர் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிறுத்தித் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டார்கள். ஆகவே பெங்களூர் விமான நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்குக் கார்தான். சுமார் 200 கி.மீ., நெரிசலோடு ஐந்து மணி நேரம்.

பேரனுக்காகக் காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். பாரிஸ் வீட்டிலிருந்து விமான நிலையம் ஒரு மணி, அங்கே காத்திருப்பு மூன்று மணி, விமானம் பத்து மணி, பாஸ்போர்ட் சோதனையும் பெட்டியும் ஒன்றரை மணி, கார் ஐந்து மணி. மொத்தம் இருபதரை மணி. திரும்பும்போது மேற்கிலிருந்து வீசும் எதிர்க்காற்றால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆக, பாதி நேரம் தரையில்தான்.

மறுநாள் நானே அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "ஒரு முழு நாள் ஆகும் கண்ணா. பொங்கலுக்கு வருவதானால் இரண்டு நாள் முன்னாடியே கிளம்பிடு."