நயினாதீவுக் கல்வெட்டும் கணினிக்குள் வந்திறங்கும் உதவியாளரும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பைதன் எழுதும் மென்பொருளோடு செயற்கை நுண்ணறிவு உதவியாளரை எப்படி இணைப்பது?" இணைப்பதற்குப் பத்து நிமிடம் போதும். என்ன நிபந்தனையில் இணைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கு எங்கள் தீவிலேயே ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவில் வளாகத்தில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். பொலநறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னனின் ஆணை தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. வாசிக்க வேண்டியவர்களின் மொழியில்தானே விதி இருக்க வேண்டும்.

அந்த ஆணை என்ன சொல்கிறது? வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்கலாம். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் சேதப்பட்டால், நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு வணிகப் பொருள் ஏற்றிய கலம் சேதப்பட்டால் ஆளுக்குப் பாதி. குதிரை அரபு நாடுகளிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கடல் கடந்து வந்த காலம் அது. அந்த வணிகத்தில் முஸ்லிம்களின் பங்கு பெரிது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு விடயங்கள். ஒன்று, எவர் வந்தாலும் ஒரே துறை, ஒரே விதி. மற்றது, கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்பதை, உடைவதற்கு முன்னமே எழுதிவைத்தது.

இனி கணினிக்கு வருவோம்.

ஒரு காலத்தில் நிரலை ஒரு மென்பொருளில் எழுதி, இன்னொன்றில் மொழிமாற்றி, பிழையைப் பார்த்து, திரும்பவும் முதலாவதுக்குப் போக வேண்டும். 1983 இல் வந்த டேர்போ பஸ்கால் இவற்றை ஒரே திரைக்குள் கொண்டுவந்து பிரபலமானது. பிறகு மொழிகளும் பெருகின, எழுதும் மென்பொருள்களும் பெருகின. 5 மென்பொருள், 20 மொழி என்றால் ஒவ்வொரு சோடிக்கும் தனித்தனியாக 100 இணைப்புகள் செய்ய வேண்டும். 2016 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் ரெட் ஹெட், கோடென்வி ஆகியவற்றோடு சேர்ந்து ஒரு பொது நெறிமுறையை அறிவித்தது. அதன் பெயர் லாங்குவேஜ் சேர்வர் புரோட்டோகோல். எல்லோரும் அந்த ஒரே விதியைப் பின்பற்றினால் 100 இணைப்பு 25 ஆகக் குறையும்.

அடுத்து செயற்கை நுண்ணறிவு வந்தது. 2021 ஜூனில் முன்னோட்டமாக வெளியான கிட்ஹப் கோபைலட், நிரல் எழுதும் இடத்திலேயே அடுத்த வரிகளை ஊகித்துக் காட்டியது. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்தது. பிழைச் செய்தியை நகலெடுத்து அங்கே ஒட்டுவது, விடையை நகலெடுத்து இங்கே ஒட்டுவது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் பாதையில் ஏறி இறங்குவது மாதிரி நாள் முழுக்க இதே வேலை.

உதவியாளரே நேரடியாகக் கோப்பைத் திறந்து பார்த்தால் என்ன? தரவுத்தளத்தோடு பேசினால் என்ன? அங்கேயும் பழைய சிக்கல்தான்: இத்தனை உதவியாளர், இத்தனை கருவி, ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு. 2024 நவம்பரில் அன்த்ரோபிக் நிறுவனம் மொடல் கொன்டெக்ஸ்ட் புரோட்டோகோல் என்பதை வெளியிட்டது. சுருக்கமாக எம்சிபி. 2016 இன் நெறிமுறையைப் பார்த்துத்தான் இதையும் வடிவமைத்தார்கள். 2025 இல் ஓப்பன்ஏஐ, கூகுள் ஆகிய போட்டி நிறுவனங்களும் இதை ஏற்றுக்கொண்டன. எல்லாக் கப்பலும் ஒரே துறைக்கு வந்துவிட்டன.

இது வேலை செய்யும் விதத்தைப் பிள்ளைகள் விளங்கிக்கொள்ள வேண்டும். உதவியாளர் தானாக எந்தக் கோப்பையும் தொடுவதில்லை. "இந்தக் கோப்பைத் திற", "இந்தக் கட்டளையை இயக்கு" என்று எழுத்தில் ஒரு கோரிக்கை விடும். எங்கள் கணினியில் உள்ள மென்பொருள்தான் அதைச் செய்து, விளைவைத் திருப்பி அனுப்பும். ஆகவே கதவின் திறப்பு எங்கள் பக்கம்தான் இருக்கிறது. "ஒவ்வொரு முறையும் கேட்காதே, எல்லாவற்றுக்கும் அனுமதி" என்று ஒரு தடவை அழுத்தினால், அந்தத் திறப்பையும் கொடுத்துவிட்டோம்.

உடைந்த கப்பல்களும் உண்டு. 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின், ரெப்ளிட் நிறுவனத்தின் உதவியாளரைக் கொண்டு ஒரு செயலி கட்டிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், அது உண்மையான தரவுத்தளத்தை அழித்தது. மீட்க முடியாது என்றும் சொன்னது. பிறகு பார்த்தால் மீட்க முடிந்தது. நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சோதனைத் தரவையும் உண்மைத் தரவையும் பிரித்துவைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார். அதே ஆண்டு மே மாதம் இன்வேரியன்ட் லாப்ஸ் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். பொதுவெளியில் யாரோ எழுதிவைத்த தந்திரமான குறிப்பொன்றை வாசித்த உதவியாளர், அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, தனக்கு அனுமதியிருந்த தனிப்பட்ட கோப்புகளின் தகவலை வெளியே விடலாம்.

எம்சிபி விதிநூல் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. கருவியை இயக்கமுன் மனிதர் ஒருவர் மறுக்கக்கூடிய நிலை இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் இப்படியான பாதுகாப்பை நெறிமுறையால் மட்டும் கட்டாயப்படுத்த முடியாது என்றும் அதுவே சொல்கிறது. வந்திறங்கும் வழி உலகம் முழுவதற்கும் பொதுவாகிவிட்டது. சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பது அந்த விதிநூலில் இல்லை. நயினாதீவுக் கல்லில் இரண்டும் இருந்தன.

கொடுக்கல் வாங்கலை முன்கூட்டியே எழுதிவைப்பதன் பெறுமதி எங்களுக்குப் புதிதல்ல. குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனைச் சாட்சிகளோடு எழுதிக்கொள்வது பற்றியது. ஒருவரை நம்பவில்லை என்பதற்காக எழுதுவதில்லை. பின்னர் பிணக்கு வராமலிருக்க எழுதுகிறோம்.

ஆகவே பாடசாலைக் கணினியறையிலும், வீட்டிலும், இணைக்க முன்னர் நாங்கள் எழுதிவைக்க வேண்டியவை:

1. உதவியாளருக்கு ஒரு கோப்புறை மட்டும். முழுக் கணினியும் அல்ல.

2. மாணவர் இடாப்பு, புள்ளிகள், பெற்றோரின் தொலைபேசி இலக்கம் உள்ள கணினியில் இணைப்பதே இல்லை. பயிற்சிக்குக் கற்பனைப் பெயர்கள் போதும்.

3. வாசிக்கும் அனுமதி முதலில். எழுதும், அழிக்கும் அனுமதி ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான்.

4. தொடங்க முன் கிட்டில் ஒரு பதிவு. உடைந்தால் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும்.

5. அனுமதி கொடுத்த பிள்ளையின் பெயரும் திகதியும் ஒரு கொப்பியில்.

பிள்ளைகளை இந்தத் தொழினுட்பத்திலிருந்து தள்ளிவைக்கச் சொல்லவில்லை. தீவில் இருக்கும் பிள்ளைக்கு ரியூஷனுக்கே கடல் கடக்க வேண்டியிருக்கிறது. இரவு பத்து மணிக்கு ஒரு பிழையை விளங்கப்படுத்த ஓர் உதவியாளர் கிடைப்பது பெரிய விடயம். வரட்டும். ஊராத்துறையும் வெளியாரை வரவேற்றுத்தான் வளர்ந்தது.

உங்கள் பாடசாலையில் இப்படி ஏதாவது விதி எழுதியிருந்தால் கீழே பகிருங்கள். இன்ஷா அல்லாஹ், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பக்கத் தாளாக்கிக் கணினியறைச் சுவரில் ஒட்டுவோம், பிள்ளைகள் வாசிக்கும் மொழியில்.