முதிர்ந்த விண்மீன்களை ஆய்ந்த தலைமுறைகள்

இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் சூரியன் ஊதிப் பெருத்துப் புதனையும் வெள்ளியையும் விழுங்கும். பின் பூமியளவான வெண்குள்ள விண்மீனாகச் சுருங்கும். அப்போது எந்தக் கோள் தப்பும், எது பொடியாகும் என்பதை அறிய, ஏற்கெனவே முதுமையடைந்த விண்மீன்களையே பார்க்க வேண்டும். அந்த ஆய்வில் தமிழ் மண்ணின் பங்கை இம்மலரில் பதிவுசெய்வது நமக்குப் பெருமை.

1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்தது. அங்கு பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற ஒளிமாறும் விண்மீனைக் கண்டறிந்தார். நவீன காலத்தில் இந்தியர் ஒருவர் கண்ட முதல் மாறொளி விண்மீன் அது; முதுமையில் வீங்கிய சிவப்பு இராட்சத விண்மீனும்கூட. தென்வானில் தாழ்ந்து தோன்றும் அது, நம் யாழ்ப்பாணத் தீவகத்தில் சென்னையைவிடச் சற்று உயரத்திலேயே வரும்.

வானியலில் நமக்கும் முன்னோர் உண்டு. ஊர்காவற்றுறையில் பாதையேறினால் அக்கரையில் இருக்கும் காரைநகரில் 1865இல் பிறந்தவர் அலன் ஆபிரகாம். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டே 1910இல் ஹலி வால்வெள்ளியின் போக்கைக் கணித்தார். இலண்டன் அரச வானியல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

1930இல், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற 19 வயது சந்திரசேகர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட திணிவுள்ள வெண்குள்ளன் நிலைத்திருக்க முடியாது என்பதைப் பயணத்திலேயே கணக்கிட்டார். 1935இல் வானியலாளர் எடிங்டன் அதை வெளிப்படையாக மறுத்தபோதும் இளைஞர் தளரவில்லை. 1983இல் நோபல் பரிசு வந்தது.

அடுத்தது காவலூர். ஊர்காவற்றுறையாகிய நம் காவலூர் அன்று, தமிழ்நாட்டுச் சவ்வாது மலைக் காவலூர். காட்டு நடுவே இடந்தேர்ந்து வானாய்வகம் அமைத்தவர் வைணு பாப்பு. 1968இல் தாமே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியுடன் தொடங்கினார்கள், 1972இல் 1 மீற்றர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10இல் யுரேனசுக்குப் பின்னால் ஒரு விண்மீன் மறைந்த வேளையில், அந்தக் கோளைச் சூழ்ந்த வளையங்களின் தடயத்தைப் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் இங்கிருந்து பதிவுசெய்தனர். இந்தியாவிலேயே உருவாக்கிய 2.34 மீற்றர் தொலைநோக்கிக்காக இரவுபகலாய் உழைத்த பாப்பு, அது நிறைவேறுமுன் 1982இல் மறைந்தார். தோழர்கள் பணியை நிறுத்தவில்லை. 1986 ஜனவரி 6இல் அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தில் காமேஸ்வர ராவ், தூசியை உமிழ்ந்து தம்மையே மறைத்துக்கொள்ளும் முதிய விண்மீன்களைப் பல்லாண்டு ஆய்ந்தார். சில இராட்சத விண்மீன்களில் இலித்தியம் மிகுந்திருப்பது அவை கோள்களை விழுங்கியதாலா என்ற கேள்வியை ஈஸ்வர் ரெட்டி குழுவினர் எடுத்துக்கொண்டனர். இலித்தியம் பெரும்பாலும் விண்மீனுக்குள்ளேயே உண்டாவதாக 2020இல் காட்டினர்.

உலகெங்கும் இதே தேடல் கனிந்தது. 1987இல் ஒரு வெண்குள்ளனைச் சுற்றி மிகையான செந்நிறக்கீழ்க் கதிர்கள் தென்பட்டன. அது உடைந்த சிறுகோள்களின் தூசி என்பது பின்னர் தெளிந்தது. 2015இல் மற்றொன்றைச் சுமார் நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றியபடி பொடியாகும் சிறுகோள் அகப்பட்டது. 2020இல், சுமார் 80 ஒளியாண்டுத் தொலைவில், வியாழனளவான பொருளொன்று ஒரு வெண்குள்ளனை 1.4 நாளில் சுற்றுவது தெரியவந்தது. அது தப்பிப்பிழைத்த கோள் என்றே கருதப்படுகிறது.

ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் பிள்ளைகள் இப்பணியைத் தமதாக்கிக்கொள்ள வேண்டும். ஆசிரியர்கள் அவர்களை ஊக்குவிக்க வேண்டும்.