அரண்மனைக்காரன் தெருவும் ஆர்மேனியர் கோயிலும்

சென்னை ஜார்ஜ் டவுனில் 'அரண்மனைக்காரன் தெரு' என மக்கள் வழங்கும் தெருவின் பெயரில் உள்ள அரண்மனை, சொல்லளவில் எழுந்ததே. ஆர்மேனியர் வாழ்ந்த தெரு அது. பொருள் விளங்காத அயற்பெயருக்கு ஒலியொத்த தமிழ்ச்சொல்லைப் பொருத்திக்கொண்டனர் என்பதே எம் துணிபு. பெயர் மருவவே, குடியும் மறக்கப்பட்டது.

அத்தெருவில் 1772-இல் எழுந்த புனித மரியன்னை கோயிலில், வாணிகத்தின்பொருட்டு வந்த ஆர்மேனியர் தம் பழந்தாய்மொழியிலேயே வழிபட்டனர். அவர்தம் குருவாகிய ஆருத்தியூன் சிமவோனியன் 1794-இல் 'அஸ்தரார்' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். உலகில் ஆர்மேனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அதுவே. தாயகத்தில் தோன்றாத அவ்விதழ் சென்னையில் தோன்றி, 1796-இல் நின்றது.

இன்று அம்மொழியில் வழிபடுவார் அருகினர். கோயில் வளாகத்துக் கல்லறைகளில் ஆர்மேனிய எழுத்துக்கள் உள. 1824-இல் மறைந்த சிமவோனியன் கல்லறையும் ஆண்டே உளது.