அடையிலிருந்து அட்டைக்கு: வேற்று யந்திரத்துக்கு ஆணை வகுத்த வரலாறு

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில், பட்டு நெசவால் பேர்பெற்று விளங்கும் ஆரணியில், புடவைப் பேட்டுக்குப் புதிய கோலம் ஒன்றை எழுதிக்கொண்டு அட்டை குத்துபவரிடம் செல்பவரை, அக்கோலத்தின் அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன்பாகவே அட்டை குத்துபவர் கேட்டாக வேண்டிய கேள்வி, தறியின்மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு எத்தனை கொக்கி என்பதே. 240 கொக்கிப் பெட்டிக்குக் குத்திய அட்டை 120 கொக்கிப் பெட்டியில் ஏறாது. பெரிய கணிப்பொறி ஒன்றில் ஓடிக்கொண்டு, வேறொரு சிறு கணிப்பொறிக்குரிய ஆணைகளை ஆக்கித் தரும் கிராஸ் கம்பைலரைக் கட்டப் புகுபவரும் முதலில் விசாரிக்க வேண்டியது இந்த உறுப்புக் கணக்கைத்தான்.

ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன்னர் காஞ்சி வட்டாரப் பட்டுத்தறிகளில் அடை கட்டும் முறை வழங்கிவந்தது. கோலத்துக்கேற்பப் பாவிழைகளை எழுப்பும் கயிறுகளைத் தறியிலேயே முடிந்துவைத்து, நெய்கையில் அவற்றைக் கிரமமாக இழுக்க இன்னோர் ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்வார்கள். ஆகவே கோலம் தறியோடு தறியாகக் கட்டுண்டு கிடந்தது. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் 1725-ல் பாஸில் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பொருத்திப் பார்த்ததும், அதை வளர்த்தவர்களின் உழைப்பை ஒன்றுதிரட்டி 1804-ல் ஜோசப் மரி ஜக்கார் தம் யந்திரத்தை நிறைவேற்றியதும் இந்தக் கட்டை அவிழ்த்தன. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளையுள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழைய, கொக்கி நின்ற நிலையிலேயே கத்தியில் மாட்டிப் பாவிழையைத் தூக்கும். துளையற்ற இடத்தில் ஊசி பின்தள்ளப்பட்டுக் கொக்கி விலகிவிடும். இவ்வட்டைகளைக் கணித அறிஞர் பாபேஜ் தம் பகுப்பு யந்திரத்துக்கு எடுத்துக்கொண்டது பலரும் அறிந்த கதையாதலால் இங்கே விரிக்கவில்லை. துளையைக் காட்டிலும் விசேஷமாக எனக்குத் தோன்றுவது, கோலம் வகுக்கும் ஸ்தலமும் நெய்யும் ஸ்தலமும் அன்று பிரிந்துபோன சம்பவமே.

அப்பிரிவினை கணிப்பொறியில் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு, சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுசென்ற அப்பல்லோ கலத்தின் வழிகாட்டுக் கணிப்பொறியே தலைசிறந்த சாட்சி. 36,864 சொற்கள் கொண்ட நிலையான நினைவகமும், அழித்தெழுதத்தக்க 2,048 சொற்களுமே அதன் சொத்தாதலால், தனக்குரிய ஆணைகளைத் தானே மொழிபெயர்த்துக்கொள்ள அதற்கு இடமேது? ஹியூ பிளேர்-ஸ்மித் ஆக்கிய ‘யூல்’ என்னும் அசெம்பிளர், ஹனிவெல் 800 என்ற பெரிய யந்திரத்தில் ஓடி அந்த வேலையைச் செய்துகொடுத்தது. கம்பைலருக்கு ஒருபடி கீழானதாயினும் தத்துவம் அதுவே. பிறகு அவ்வாணைகளை நிலையான நினைவகத்தில் பதிக்க, வால்தம் நகரத்து ரேதியான் ஆலையில், துளைநாடாவின் ஏவலால் நகரும் சாதனமொன்று அடுத்த துவாரத்தைக் காட்ட, பெண்கள் ஊசியில் கோத்த செம்புக் கம்பியைக் காந்த வளையங்களினூடே செலுத்துவார்கள். கம்பி வளையத்துக்குள் சென்றால் ஒன்று, வெளியே ஒதுங்கினால் பூஜ்யம். ஆரணியில் எந்தத் தறிக்காரருக்கும் இதை விளக்கிச் சொல்ல அவசியமிராது. இவ்வாறு நெய்யப்பட்டவற்றுள் ஹால் லேனிங் வகுத்த ‘எக்ஸிக்யூட்டிவ்’ என்னும் நிர்வாக ஆணைத்தொடரும் ஒன்று. வேலைகளை முக்கியத்துவத்தின்படி நிறுத்தி நடத்திய அதுவே, 1969 ஜூலை 20-ல் சந்திரனில் இறங்குங்கால் 1202 என்ற அபாய அறிவிப்பு எழுந்தபோதும், உயிர்நாடியான காரியங்களைக் கைவிடாமல் காத்தது. காலக்கெடு தவறாத இயக்க அமைப்பு என்று இன்று கூறப்படுவதன் முன்னோடி அதுதான்.

1973-ல் கேரி கில்டால், இன்டெலின் 8008 என்ற நுண்செயலிக்காக பிஎல்எம் பாஷையை வகுத்தபோது, அதன் கம்பைலரை ஃபோர்ட்ரானில் எழுதிப் பெரிய கணிப்பொறியில் ஓடவிட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் வெளியிட்ட ஜிசிசி கம்பைலரைப் பற்பல செயலிகளுக்கும் இசைத்துக் கொடுப்பதையே 1989-ல் பிறந்த சிக்னஸ் என்னும் கம்பெனி தன் ஜீவனோபாயமாக்கிக்கொண்டது. இத்தகைய கம்பைலரைக் கட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு: முழுக் கம்பைலரை நிறைவேற்ற, ஆயத்த ஆணைத்தொடர்கள் அடங்கிய, செயலிக்குரிய நூலகம் வேண்டும்; நூலகத்தை ஆக்கவோ கம்பைலர் வேண்டும். ஆதலின் முதலில் அசெம்பிளரையும் துண்டுகளை இணைக்கும் லிங்க்கரையும் கட்டி, பின் நூலகத்தை எதிர்பாராத அரைகுறைக் கம்பைலர் ஒன்றை ஆக்கி, அதைக்கொண்டு ‘நியூலிப்’ போன்ற நூலகத்தை நிறைவேற்றி, இறுதியில் முழுக் கம்பைலரைச் சமைக்கிறார்கள். கொக்கிக் கணக்குப் போன்ற உறுப்புக் கணக்கு தவறினாலோ வேறு சங்கடம்: மிதவைப்புள்ளி எண் கணிதத்துக்கு உறுப்பில்லாத செயலியை அவ்வுறுப்பு உள்ளதெனக் கருதி ஆணை வகுத்தால், கட்டும்போது ஒரு குறையும் தோன்றாது. ஓடத் தொடங்கி அத்தகைய முதல் ஆணையைச் சந்தித்த மாத்திரத்தில் யந்திரம் நின்றுவிடும்.

தமிழகத்தில் இவ்வரலாற்றின் அண்மை அத்தியாயம், சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் வளர்ந்த ‘சக்தி’ செயலிகள். 2010-ல் பெர்க்லியில் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் பொது ஆணைத்தொகுதியை அவை தழுவியதால், உலகோர் கூடிக் கட்டிய ஜிசிசியும், ஃப்ரீஆர்டாஸ் போன்ற இயக்க அமைப்புகளும் அவற்றுக்குச் சுலபமாக வசப்பட்டன. இஸ்ரோ தன் ஏவுகலங்களுக்காக வகுத்து, சண்டிகரை அடுத்த மொஹாலியில் வார்த்தெடுத்த ‘விக்ரம் 3201’ செயலியோ சொந்த ஆணைத்தொகுதி உடையது. சுதந்திரம் பெரிது, விலையும் பெரிது என்பேன். அதற்கான அடா பாஷைக் கம்பைலர், அசெம்பிளர், லிங்க்கர், சிமுலேட்டர் அனைத்தையும் அந்நிறுவனமே கட்டவேண்டியதாயிற்று. பிஎஸ்எல்வி சி-60 ராக்கெட்டில் விண்ணிலே சோதிக்கப்பட்டு, 2025 மார்ச்சில் அச்செயலி கையளிக்கப்பட்டபோதும், அதன் சி பாஷைக் கம்பைலர் கட்டும் பணி நடந்துகொண்டுதான் இருந்தது.