சாண்டெல், லீனா
சாண்டெல், லீனா (3 அக்டோபர் 1832 – 27 ஜூலை 1903) சுவீடன் நாட்டுக் கிறித்தவப் பாடலாசிரியர். 19ஆம் நூற்றாண்டு லுத்தரன் சமய எழுச்சியின் முதன்மைக் குரல். ஸ்மோலாண்டு பகுதியின் ஃப்ரோடெரிடு ஊரில், பங்குக்குருவின் மகளாகப் பிறந்தார். 1858இல் வெட்டர்ன் ஏரிப் படகுப் பயணத்தில் தந்தை தவறி விழுந்து மூழ்கியதைக் கண்ணெதிரே கண்டார். அந்தத் துயரின் சுவடு பிற்காலப் பாடல்களில் ஆழமாகப் படிந்துள்ளது. புகழ்பெற்ற ‘திரிகாரே கான் இங்ஙன் வாரா’ என்னும் பாடல் அதற்கு முன்பே, இளமையில் எழுதப்பட்டது. அது இறைவனின் அரவணைப்பில் உள்ள பிள்ளைகளைக் கூட்டிலிருக்கும் பறவையோடு ஒப்பிடுவது. ‘ப்லோட் என் தாக்’ என்னும் பாடல் 1865இல் வெளிவந்தது. பாடல்களின் சொற்களை லீனா எழுதினார். அவற்றுள் பலவற்றுக்கு இசையமைத்த ஓஸ்கார் ஆன்ஃபெல்ட், பத்துத் தந்திக் கிதாருடன் ஊர் ஊராகப் பாடி அவற்றைப் பரப்பினார். பாடகி ஜென்னி லிண்டு அவற்றின் அச்சுக்குப் பொருளுதவி செய்தார். லீனா 1867இல் வணிகர் கார்ல் ஓஸ்கார் பெர்கை மணந்தார். ‘எல். எஸ்.’ என்றே பெரும்பாலும் கையொப்பமிட்ட இவரின் பாடல்கள் ஏறத்தாழ 650 எனக் கணக்கிடப்படுகின்றன.