மகன் பிறந்த ஆண்டு

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வாழ்க்கைக் குறிப்பில் 1959ஆம் ஆண்டு இருமுறை இடம்பெறுகிறது. அவருடைய மகன் பிறந்தது அவ்வாண்டில். அவர் எதிர்பாராமல் மறைந்ததும் அவ்வாண்டில்தான், அக்டோபர் 8 அன்று. அப்போது அவருக்கு வயது 29.

தஞ்சை மாவட்டத்துச் செங்கப்படுத்தான்காட்டில் 1930 ஏப்ரல் 13 அன்று பிறந்தவர். உழவர் இயக்கத்தில் ஈடுபட்டு, புதுச்சேரியில் பாரதிதாசனிடம் பயின்று, சென்னை வந்து திரைப்பாடலாசிரியரானார். 1957இல் திருமணம். இல்லறத்திற்கு வாய்த்தவை ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள்.

அவர் மறைந்தபின், 1961இல், 'அரசிளங்குமரி', 'திருடாதே' ஆகிய படங்கள் வெளிவந்தன. இரண்டிலும் சிறுபிள்ளையை அழைத்துப் புத்தி சொல்லும் பாடல் ஒவ்வொன்று உண்டு. இரண்டும் அவர் எழுதியவை. பேய்க்கதைகளை நம்பி அஞ்சாதே என்கிறது ஒன்று. சட்டத்தால் மட்டும் திருட்டு ஒழியாது, மனம் திருந்த வேண்டும் என்கிறது மற்றொன்று. இரண்டிலும் அதட்டல் இல்லை. தோளில் கைபோட்டுப் பேசும் பரிவே உண்டு.

இவற்றைத் தம் மகனை எண்ணித்தான் எழுதினார் என்று சொல்லிவிட மனம் விழைகிறது. ஆனால் அது வரலாறாகாது. படத்தின் காட்சிக்காக எழுதப்பட்ட பாடல்கள் இவை. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே: தந்தையின் முகம் நினைவில் பதியும் முன்பே அவரை இழந்த அக்குழந்தை, ஊர்ப்பிள்ளைகளைப்போலவே அவர் சொற்களை வானொலியில்தான் கேட்க முடிந்தது.

ஊரார் பிள்ளைகளுக்கு அவர் சொன்ன புத்திமதி நம்மிடம் இருக்கிறது. தம் பிள்ளைக்கு வீட்டுத் திண்ணையில் சொல்லியிருக்கக்கூடியது எவருக்கும் கிட்டவில்லை.